பவளத்தில் ஒரு புழு: எதிரியா, விருந்தாளியா?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் நியூகே என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே கடல்வாழ் உயிரினக் காட்சியகம் ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டில் அங்கிருந்த பவளத் தொட்டியில் ஒரு மர்மம். காலையில் வந்து பார்த்தால் பவளக் கிளைகள் வெட்டுப்பட்டுக் கிடக்கும். மீன்களின் உடம்பில் காயம் இருக்கும். யார் செய்கிறார்கள் என்று தெரியவில்லை. இரை வைத்துப் பொறி வைத்தார்கள். மறுநாள் பொறியே சிதைந்து கிடந்தது!

கடைசியில் வேறு வழியில்லாமல் தொட்டியைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். அடியிலிருந்து வெளியே வந்தது சுமார் நான்கடி நீளமுள்ள ஒரு புழு. வேறு பவளக் கல்லோடு ஒட்டிக்கொண்டு குஞ்சுப் புழுவாக உள்ளே வந்து, யாருக்கும் தெரியாமல் தின்று வளர்ந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். ஊழியர்கள் அதற்கு 'பேரி' என்று பெயர் சூட்டித் தனித் தொட்டியில் விட்டார்கள். பத்திரிகைகளில் படமும் வந்தது.

அறிவியல் அதற்கு வைத்த பெயர் யூனிஸ் அஃப்ரோடிட்டாய்ஸ். அந்தப் பெயருக்கு வயது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல். பவளத்தில் குடியிருக்கும் புழுக்களை மனிதன் அடையாளம் கண்ட கதை அவ்வளவு நீளமானது. அந்தக் கதையின் முக்கியமான சில பக்கங்கள் நம்ம ஊர்க் கடலில்தான் எழுதப்பட்டன.

புதுக்கோட்டைக்கும் கடல் உண்டு

புதுக்கோட்டை மாவட்டம் என்றால் சித்தன்னவாசல், திருமயம், குடுமியான்மலை என்று சொல்வார்கள். கடல் பலருக்கு ஞாபகம் வராது. ஆனால் கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று பாக் நீரிணையை ஒட்டி ஒரு கடற்கரை இந்த மாவட்டத்துக்கு இருக்கிறது. நண்டும் இறாலும் மீனும் வரும் கடல். ஆழம் குறைவு. அடியில் சேறும் மணலும், அதன்மேல் கடற்புல்லும்.

பவளத்துக்கு இந்த இடம் ஒத்துவராது. அதற்குக் கலங்காத நீர் வேண்டும். வெயில் உள்ளே இறங்க வேண்டும். ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தரை வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து கிடைப்பது இதே கரையில் தெற்கே போனால் வரும் மண்டபம், இராமேஸ்வரம் பகுதியில். வடக்குப் பக்கம் பாக் நீரிணை, தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் பவளப் பாறைகள். புழுக்களைத் தேடி வந்தவர்கள் இறங்கிய இடமும் அதுதான். ஆனால் கதை தொடங்குவது ஐரோப்பாவில்.

1766: ஒரே புத்தகம், மூன்று புழுக்கள்

பெர்லினில் பிறந்த பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் 1766-இல் ஒரு விலங்கியல் நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது சுமார் இருபத்தைந்துதான். வெப்பக் கடல்களுக்குப் போகாமல், சேகரிப்புகளில் வந்து சேர்ந்த மாதிரிகளைப் பார்த்தே எழுதியவர். அந்த ஒரே நூலில், இன்று பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் பேசும் மூன்று புழுக்களுக்கு அவர் பெயர் கொடுத்தார்.

முதலாவது, நெருப்புப் புழு. ஹெர்மோடைஸ் கருன்குலேட்டா என்று இப்போது அழைக்கிறார்கள். அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பக்கம் வாழ்வது. பவளக் கிளையின் நுனியை வாய்க்குள் கவ்வி, சதையைக் கரைத்துத் தின்றுவிட்டு, வெள்ளை எலும்பை மட்டும் விட்டுப் போகும். இது நிஜமான எதிரி.

இரண்டாவது, அதன் நெருங்கிய சொந்தமான யூரித்தோ காம்ப்ளனேட்டா. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளை ரோமம் போன்ற சுணைகள். தொட்டால் விரலில் குத்தி எரியும். ஆனால் இது தேடுவது செத்த மீன், மிஞ்சிய தீனி, அழுகல். சுருக்கமாகச் சொன்னால் தொட்டியின் துப்புரவுத் தொழிலாளி.

மூன்றாவது, கிறிஸ்துமஸ் மரப் புழு. உயிருள்ள பவளத்தில் சுண்ணாம்புக் குழாய் கட்டிக்கொண்டு, இரட்டைச் சுருள் விசிறியை வெளியே நீட்டியிருக்கும். நிழல் பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் உள்ளே போய்விடும். இது பவளத்தைத் தின்பதில்லை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை விசிறியால் வடிகட்டித் தின்னும்.

ஒருவன் திருடன், ஒருவன் துப்புரவாளன், ஒருவன் வாடகைக்கு வந்தவன். மூவருமே வளைதசைப் புழுக்கள்தான். மண்புழுவுக்கும் அட்டைக்கும் கடல்வழிச் சொந்தக்காரர்கள். நியூகே ஆசாமி பேரியின் இனத்துக்கும் 1788-இல் பெயர் வைத்தவர் இதே பல்லாஸ்தான்.

பெயர் வைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. கரீபியன் கடல் மாதிரிக்கு வைத்த கிறிஸ்துமஸ் மரப் புழுவின் பெயரை நம் கடல் புழுவுக்கும் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் வேறு வேறு இனம் என்று பிரித்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். யூரித்தோவும் அப்படியே. ஓரினம் என்று நினைத்ததற்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதை 2010-இல் மரபணு ஆய்வு காட்டியது.

மண்டபம் முதல் பிரான்ஸ் வரை

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனை நாம் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்புக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். ஆனால் அவர் இராமேஸ்வரம் கடலின் உயிரினங்களைப் பற்றியும் எழுதியவர். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றியும் கடல் உயிரினங்கள் பற்றியும் அவர் எழுதிய குறிப்புகள் 1890-இல் வெளிவந்தன.

தர்ஸ்டனுக்குப் பின் சில காலம் கழித்து அருங்காட்சியகப் பொறுப்புக்கு வந்தவர் கிரேவ்லி. பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி அவர் முன்னின்று கொண்டுவந்த ஆய்விதழ் 1927-இல் வெளியானது. அந்தச் சின்னத் தீவில் கல்லைப் புரட்டினால் என்னென்ன கிடைக்கும் என்ற கணக்கெடுப்பு அது.

புழு மட்டும் பெரும் தலைவலி. மீனைப் பார்த்ததும் பெயர் சொல்லிவிடலாம். புழுவை அப்படிச் சொல்ல முடியாது. பக்கவாட்டுக் கால்களின் அமைப்பு, ஒவ்வொரு சுணையின் முனை, தாடையின் பல் வரிசை, தலையில் எத்தனை உணர்கொம்பு என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். அதற்கென்றே வாழ்ந்த ஒருவர் பிரான்சின் ஆன்ஜே நகரத்தில் இருந்தார். பெயர் பியர் ஃபோவெல். சாராயத்தில் ஊறிய நம் கடல் புழுக்கள் அவரிடம் போயின. சென்னை அருங்காட்சியகப் புழுக்களைப் பற்றி 1930-இலும், கல்கத்தா அருங்காட்சியகப் புழுக்களைப் பற்றி 1932-இலும் எழுதினார். 1953-இல் அலகாபாத்தில் அச்சான அவரது பெருநூல் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா, மலேயா எல்லாவற்றின் பல்சுணைப் புழுக்களையும் ஒரே இடத்தில் சேர்த்தது. அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தது!

இதற்கிடையே 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலிருந்து இயங்க ஆரம்பித்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை மண்டபம்தான் இந்தியக் கடல் ஆராய்ச்சியின் தலைநகரம் மாதிரி. பவளத்துக்கென்றே ஒரு கருத்தரங்கம் 1969-இல் மண்டபம் முகாமில் நடந்தது.

முத்துக்குள் புழு: பெரும் பணம், தப்பான பெயர்

புழுவுக்குத் தப்பான பெயர் வைத்தால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கலாம். மன்னார் வளைகுடாவின் மறுகரையில் நடந்ததைப் பாருங்கள். இது பவளத்தில் நடந்தது அல்ல, முத்துச் சிப்பியில் நடந்தது. ஆனால் கடல் ஒன்று, ஆட்களும் ஏறக்குறைய அதே வட்டம், பாடமும் ஒன்று.

இலங்கையின் வடமேற்குக் கரையில் முத்துச் சலாபம் சில ஆண்டுகள் நடக்கும், பல ஆண்டுகள் பொய்த்துப் போகும். காரணம் கண்டுபிடிக்க இலங்கை அரசு 1902-இல் ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. உடன் வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் இதே ஹார்னெல்தான் சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநர். 1903 முதல் 1906 வரை ஐந்து பெரிய தொகுதிகளாக அறிக்கை வந்தது. அதில் பல்சுணைப் புழுக்கள் பற்றிய பகுதியை எழுதியவர் கொழும்பு அருங்காட்சியகத்தின் ஆர்தர் வில்லி.

சிப்பியின் உள்ளே சின்னச் சின்ன உருண்டைகளாக ஒரு நாடாப்புழுவின் குஞ்சுகள் கிடப்பதை ஹெர்ட்மனும் ஹார்னெலும் பார்த்தார்கள். புழுவைச் சுற்றிச் சிப்பி பூசும் பூச்சுதான் நல்முத்து என்ற முடிவுக்கு வந்தார்கள். 1904-இல் அந்தப் புழுவுக்கு வைத்த பெயரே 'முத்தை உண்டாக்குவது' என்று பொருள்படும் லத்தீன் பெயர்!

அப்படியானால் கணக்கு எளிது. சிப்பியைத் தின்னும் பெரிய மீனின் குடலில் புழு வளரும். அதன் முட்டை கடலில் விழும். அது மறுபடி சிப்பிக்குள் போகும். புழு பெருகினால் முத்து பெருகும்.

1905 சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருமானம். அந்தக் காலத்து 25 லட்சம்! அடுத்த ஆண்டே, 1906-இல், ஒரு லண்டன் கம்பெனி இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. வருடத்துக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். கூடவே ஒரு விஞ்ஞானியையும் வேலைக்கு அமர்த்தியது. பெயர் சவுத்வெல். மீன்களை அறுத்து அறுத்து வளர்ந்த புழுவைத் தேடுவது அவர் வேலைகளில் ஒன்று.

நடந்தது என்ன? 1907-க்குப் பிறகு சிப்பியே வரவில்லை. கம்பெனி சில ஆண்டுகளில் கடையைக் கட்டியது. புழுவின் பெயரும் தப்பு என்று ஆனது. சிப்பியில் இருந்த உருண்டைக் குஞ்சுகள் வேறொரு வகை நாடாப்புழுவைச் சேர்ந்தவை. 1912-இல் லிஸ்டர் ஜேம்சன் என்ற ஆய்வாளர் முத்துகளையே வெட்டிப் பார்த்து, நாடாப்புழுதான் முத்துக்குக் காரணம் என்பதற்குச் சான்று போதாது என்று எழுதினார்.

உண்மை வேறு பக்கம் இருந்தது. சிப்பியின் மேலுறைத் தசையிலுள்ள செல்கள் உள்ளே போய் ஒரு பை மாதிரி வளர்ந்தால் அந்தப் பைக்குள் முத்து விளையும். ஜப்பானியர்கள் இதைப் பிடித்துக்கொண்டு செயற்கையாக முத்து வளர்த்தார்கள். 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி குழுவினர் அதே வழியில் இந்தியச் சிப்பியில் முத்து விளைவித்தார்கள். அதில் புழுவுக்கு வேலையே இல்லை!

மீன் குடலைத் துழாவிய சவுத்வெல் மட்டும் நஷ்டப்படவில்லை. நாடாப்புழு நிபுணராக மாறி, 1930-இல் இந்திய நாடாப்புழுக்கள் பற்றிய இரண்டு தொகுதி நூலை எழுதினார். கம்பெனியின் வரவு செலவுக் கணக்கில் ஏறாத லாபம் அது.

கல்லோடு வீட்டுக்குள் வந்தவர்கள்

கடலைத் தொட்டிக்குள் கொண்டுவரும் ஆசை சென்னைக்கு முன்பே வந்துவிட்டது. தர்ஸ்டனின் முயற்சியால் 1909-இல் மெரினாவில் கடல் மீன் காட்சியகம் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அந்தக் காலத்துத் தொட்டிகளில் மீன்தான் நாயகன். பவளத்தை வீட்டில் வாழவைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.

வழி காட்டியவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். வடிகட்டி எதுவும் இல்லாமல், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களைத் தொட்டியில் போட்டு, காற்றுக் குமிழியை மட்டும் விட்டு, பவளத்தை வாழவைக்கலாம் என்று 1961-இல் ஒரு அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். கல்லில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே கழிவைச் சுத்தம் செய்துவிடும். பிறகு பெர்லின் ஆர்வலர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். உலகம் முழுக்கப் பவளத் தொட்டிகள் பெருகின.

உயிருள்ள கல்லைப் போட்டால் உயிருள்ள எல்லாமும்தானே வரும்? புழுவும் வந்தது. ராத்திரி விளக்கடித்தால் கல்லிடுக்கில் நெளியும். பார்த்தவர்கள் பயந்து போய் இடுக்கியால் பிடித்து இழுத்தார்கள். சுணைப்புழு துண்டானது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை! யூரித்தோவின் துண்டுகள் தலையும் வாலும் வளர்த்துத் தனித்தனிப் புழுவாகிவிடும். ஒன்று இரண்டானது.

கண்ணுக்குத் தெரியாத கொலைகாரன்

உண்மையான ஆபத்து கம்பளிப்பூச்சி மாதிரி நெளியும் புழுக்களிடம் இல்லை. காகிதம் மாதிரித் தட்டையான புழுக்களிடம் இருந்தது.

1974-இல் ஹவாய்த் தீவுகளில் மான்டிபோரா என்ற பவளத்தைத் தின்று வாழும் தட்டைப்புழு ஒன்றைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அதற்குப் பெயரும் வந்தது. தொட்டிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய அடி கிளைப் பவளமான அக்ரோபொராவில் விழுந்தது. நன்றாக இருந்த பவளம் நிறம் வெளுக்கும். அடியிலிருந்து சதை போகும். சில வாரங்களில் வெறும் எலும்பு. தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஆட்களோ உப்பை மாற்றுவார்கள், விளக்கை மாற்றுவார்கள். பவளம் மட்டும் செத்துக்கொண்டே இருக்கும்.

குற்றவாளி பவளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பவளச் சதையையும் அதிலுள்ள நுண்பாசியையும் தின்பதால் புழுவின் உடம்பும் அதே நிறமாகிவிடும். முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆர்வலர்கள் பல ஆண்டுகள் இதனோடு போராடிய பிறகு, 2011-இல் கேட் ராலின்சன் குழுவினர் இதற்கு முறையான பெயர் கொடுத்தார்கள்: அமாகுசாபிளானா அக்ரோபொரே. அதுவரை தொட்டிகளில் மட்டுமே தெரிந்த இந்தப் புழு, அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவருகே கடலிலும் கண்டுபிடிக்கப்பட்டது.

வெறும் பெயரா கிடைத்தது? அதன் வாழ்க்கையும் தெரிந்தது. புழு முட்டையிடுவது உயிருள்ள சதையில் அல்ல, பவளத்தின் அடியிலுள்ள வெற்று எலும்பில். சுமார் 24 டிகிரி வெப்பத்தில் முட்டை பொரிக்க ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். நீர் சூடானால் சீக்கிரம் பொரிக்கும்.

பழைய வைத்தியம் தோற்றதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. மருந்து நீரில் பவளத்தை முக்கியெடுத்தால் வளர்ந்த புழு உதிர்ந்துவிடும். முட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு தடவை முக்கிவிட்டு "தப்பித்தோம்" என்று நிம்மதியாக இருந்தவர்கள் சில வாரங்களில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

ஊரணி சொல்லும் பாடம்

புதுக்கோட்டைச் சீமை ஊரணிகளின் நாடு. ஊரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பெரியவர்களுக்கு நரம்புச் சிலந்தி என்ற பெயர் தெரிந்திருக்கும். காலில் கொப்புளம் கிளம்பி அதிலிருந்து நூல் மாதிரிப் புழு வெளியே வரும் நோய். அதைக் கொல்ல மருந்து கிடையாது. தடுப்பூசியும் கிடையாது. ஆனாலும் இந்தியாவில் 1996-க்குப் பிறகு ஒருவருக்கும் வரவில்லை. 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

எப்படி? புழு எங்கே குஞ்சு விடுகிறது, எந்த நீர்ப்பூச்சிக்குள் வளர்கிறது, எப்போது மனிதனுக்குள் போகிறது என்று முழுச் சுழற்சியையும் கண்டுபிடித்தார்கள். பிறகு ஒரு கண்ணியை மட்டும் அறுத்தார்கள். குடிநீரைத் துணியில் வடிகட்டு, புண்ணோடு குளத்தில் இறங்காதே. அவ்வளவுதான்.

பவளத் தட்டைப்புழுவுக்கும் இதே தத்துவம்தான். முட்டை பொரிக்கும் காலம் தெரிந்தால், குஞ்சு வளர்ந்து மறுபடி முட்டையிடும் முன்பே அடுத்த முக்கலைக் கொடுக்கலாம்.

யார் யார், என்ன செய்வது?

இருநூற்றைம்பது ஆண்டு அறிவைச் சுருக்கினால் இவ்வளவு வரும்.

குழாய்க்குள்ளிருந்து விசிறி நீட்டுபவனை விட்டுவிடலாம். விட்டுவிடுவது மட்டும் இல்லை, அவனுக்கு நன்றியும் சொல்லலாம். முள் நட்சத்திர மீன் மேய்ந்த பவளத்தில் கிறிஸ்துமஸ் மரப் புழுக்களைச் சுற்றியுள்ள சதை மட்டும் தப்பித்திருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1986-இல் எழுதினார்கள். மிஞ்சிய அந்தச் சதையிலிருந்து பவளம் மறுபடி வளர முடியும். ஒட்டுண்ணி என்று நினைத்தவன் காவல்காரனாகவும் இருந்திருக்கிறான்!

இரு பக்கமும் சுணை, ராத்திரி நடமாட்டம், செத்த மீனைச் சுற்றிக் கூட்டம் என்றால் துப்புரவாளன். மிக அதிகமாகிவிட்டால் தொட்டியில் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். தீனியைக் குறைத்தால் அவர்களும் குறைவார்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். சுணை குத்திவிட்டால் ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

தலையில் ஐந்து உணர்கொம்பு, பளபளக்கும் நீண்ட உடல், பெரிய தாடை என்றால் பேரியின் சொந்தம். கல்லோடு வெளியே எடுப்பதுதான் வழி. அறுக்கக் கூடாது.

துருப்பிடித்த நிறத்தில், பின்பக்கம் மூன்று வால் நுனிகளோடு, கண்ணாடியிலும் பவளத்திலும் அப்பிக்கொண்டிருப்பவை இன்னொரு வகைச் சின்னப் புழுக்கள். பவளத்தைத் தின்பதில்லை, ஆனால் மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். முதலில் குழாய் வைத்து முடிந்தவரை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஏனென்றால் மருந்து போட்டு மொத்தமாகக் கொன்றால், சாகும் புழுக்கள் விடும் நஞ்சு மீன்களையும் கொன்றுவிடும். மருந்துக்குப் பின் கரித்தூள் வடிகட்டியும் தண்ணீர் மாற்றமும் அவசியம். இதற்குப் பயன்படும் லெவாமிசோல் வேறொன்றுமில்லை, ஆட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் அதே மருந்துதான்.

சுணையே இல்லாமல் தட்டையாக, பவளத்தின் நிறத்திலேயே, சுற்றி வட்ட வட்டமாக வெள்ளைக் கடித் தடம் இருந்தால் அக்ரோபொராக் கொலைகாரன். அடிப்பகுதியில் பழுப்பு முட்டைகள் தெரியும். முட்டை உள்ள எலும்பை வெட்டிவிட்டு, பவளத்தைப் புதிய கல்லில் ஒட்டி, தனித் தொட்டியில் வைத்து, பல வாரங்கள் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். மருந்தில்லாத உதவியும் உண்டு. ஆறுகோட்டு நீர்மீனும் ஒருவகைச் செவ்வரி இறாலும் இந்தப் புழுவைக் கட்டுப்படுத்த உதவும் என்று ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். கடலில் இந்தப் புழு பெரும் நாசம் செய்யாததற்கும் இப்படிப்பட்ட மேய்ப்பர்கள் ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. புதிதாக எது வந்தாலும் நேராகத் தொட்டியில் போடாமல் சில வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். ராத்திரியில் சிவப்பு விளக்கில் பார்த்தால் புழுக்கள் அவ்வளவாக ஓடி ஒளியாது.

கடலில் இருக்கும் தொட்டி

இதைப் படித்துவிட்டு மண்டபம் பக்கம் போய் ஒரு கல் எடுத்து வரலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. தூத்துக்குடி முதல் இராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகள் 1986-இலேயே தேசியப் பூங்காவாகிவிட்டன. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் புலியைப் போலவே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. உயிருள்ளதும் சரி, செத்த கல்லும் சரி, எடுத்தால் குற்றம்.

சட்டம் வந்ததற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் மன்னார் வளைகுடாப் பவளத்தைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அந்த வரிசையில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிப்போயின. பிறகு 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. நாலடிப் புழு நாலு மாதத்தில் செய்யாததை மனிதனும் வெயிலும் செய்தார்கள்.

தொட்டியில் கற்ற பாடம் அங்கேயும் செல்லும். பவளம் வெளுத்தால் அது புழுக்கடியா, நோயா, சூடா என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். பல்லாஸும் ஃபோவெலும் சுணையை எண்ணியது வீண்வேலை இல்லை. புழுவைத் தெரிந்தவர் இல்லாவிட்டால் காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனை வளர்ப்போம்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. ஆவுளியா மேயும் அந்தக் கடற்புல்லின் அடியில், சேற்றுக்குள், எத்தனையோ புழுக்கள் மண்ணைப் புரட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தின்று மீன் வளர்கிறது, நண்டு வளர்கிறது. அந்த மீனும் நண்டும்தான் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரைக்கு வந்து ஏலம் போகின்றன. இறால் பொரிப்பகங்கள் தாய் இறாலுக்குத் தீனியாகக் கடற்புழுவைக் காசு கொடுத்து வாங்குகின்றன. ஒருவர் காசு செலவழித்துத் துரத்தும் அதே வகைப் புழு, இன்னொருவருக்கு முதலீடு.

அதனால் அடுத்த முறை கல்லிடுக்கில் ஏதாவது நெளிந்தால் இடுக்கியை எடுக்கும் முன் விளக்கை எடுங்கள். முதலில் பெயரைக் கேளுங்கள். தீர்ப்பு அப்புறம்.